நகராட்சி இணையதளத்தில் நம் விவரங்கள்: யாருக்கு எவ்வளவு தெரிகிறது?

26.10.2025 (கேள்வி)

சொத்து வரி கட்ட எங்கள் நகராட்சி இணையதளத்துக்குப் போனேன். பக்கத்தின் அடியில் தனியுரிமைக் கொள்கை என்று ஓர் இணைப்பு. உங்களை அடையாளம் காட்டும் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எதையும் இந்தத் தளம் தானாகச் சேகரிப்பதில்லை என்று அதில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வரிவிதிப்பு எண்ணை அடித்தபோது கடைசி இலக்கம் மாறிப்போனது. வேறு தெருக்காரர் ஒருவருடைய பெயர், கதவு எண், பாக்கித் தொகை, கைபேசி எண் வரை திரையில் வந்து நின்றது. எதையும் சேகரிக்காதவர்களிடம் இவ்வளவும் எப்படி வந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

27.10.2025

நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் கணினி மையம் வைத்திருக்கிறேன். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பெயர் மாற்றம், பிறப்புச் சான்று என்று நாள் முழுக்க இந்தத் தளங்களில்தான் எனக்கு வேலை. அதனால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் படித்த வாசகம் உங்கள் ஊருக்கென்று யாரும் உட்கார்ந்து எழுதியது கிடையாது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009இல் வந்தன. 2018இலும் 2023இலும் புதுப்பித்தார்கள். எல்லா அரசுத் தளத்திலும் தனியுரிமைக் கொள்கை இருக்க வேண்டும் என்பது அந்த நெறிமுறை. அதனால் டெல்லி அமைச்சகத்தில் ஆரம்பித்து மாவட்டத் தளம் வரை ஏறக்குறைய ஒரே பத்திதான். பார்க்க வருகிறவரின் ஐபி முகவரி, பிரவுசர், இயங்குதளம், வந்த தேதி, நேரம், திறந்த பக்கங்கள் இவை பதிவாகும்; தளத்தைச் சேதப்படுத்த யாராவது முயன்றது தெரிந்தால் ஒழிய, அதை வைத்து ஆளைத் தேட மாட்டோம் என்பது அதன் சாரம்.

அதில் பொய் எதுவும் இல்லை. சர்வர் பதிவுகள் இல்லாமல் எந்தத் தளமும் ஓடாது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28.4.2022 அன்று போட்ட உத்தரவின்படி அந்தப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் ஏதும் கண்ணில் பட்டால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலகங்களும் அதில் அடக்கம்.

ஆனால் அந்தப் பத்தி டெண்டர் அறிவிப்பைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு எழுதியது. நகராட்சித் தளத்துக்கு யார் சும்மா படிக்கப் போகிறார்கள்? வரி கட்ட, சான்று எடுக்க, புகார் கொடுக்கப் போகிறோம். "வரி செலுத்த" என்பதைத் தொட்டதும் பல ஊர்களில் முகவரியே மாறி மாநிலம் முழுமைக்குமான கட்டணத் தளம் திறக்கும். நம் வீடு, பெயர், கைபேசி எல்லாம் அங்கே இருக்கும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பாதி விவரம், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதி வைத்த பழைய கேட்புப் பதிவேட்டிலிருந்து ஏற்றியது. மீதியை நாம்தான் பணம் கட்டும்போது கொடுத்தோம். பில் கலெக்டர் வீட்டு வாசலில் நின்று "நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டு வாங்கிப் போனதும் அதில் சேரும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அங்கே என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்குக் காட்டுகிறார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பதைப் பற்றி முதல் தளத்தின் கொள்கைப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

28.10.2025

"ஒரு எண் மாறினால் ஒருவர் விவரம் தெரிந்துவிட்டது, அதனால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

வரிவிதிப்பு எண்கள் பெரும்பாலும் வரிசையாகப் போகின்றன. உங்கள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த வீடு, இன்னொன்றைக் கூட்டினால் அதற்கடுத்த வீடு. கையால் செய்தால் ஒரு தெரு. சின்னதாக ஒரு நிரல் எழுதி ஓடவிட்டால் விடிவதற்குள் ஒரு வார்டே கையில். ஓடிபி கேட்காத பக்கம், எத்தனை முறை தேடினாலும் நிறுத்தாத பக்கம் என்றால் தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்யலாம் என்பதை என் கடையிலேயே பார்த்தேன். தனியாக இருக்கும் ஓர் அம்மா, மகன் வெளிநாட்டில். கைபேசியை நீட்டி "தம்பி, இதைக் கட்டிவிடு" என்றார். சொத்து வரி பாக்கி, இன்றிரவு குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம், கீழே உள்ள எண்ணைக் கூப்பிடவும் என்று வாட்ஸ்அப் செய்தி. மின்வாரியம் பெயரில் இதே மாதிரி வருவது ஊருக்கே தெரியும். ஆனால் இதில் அவர் பெயர் இனிஷியலோடு இருந்தது, தொகை ரூபாய் பிசகாமல் இருந்தது. நான் தளத்தில் போட்டுப் பார்த்தேன், அதே தொகை. "கணக்கு சரியாக இருக்கிறதே, நகராட்சிதான்" என்று அவர் நம்பியதில் தப்பே இல்லை. கவுண்டருக்குப் போய் அவரே பணம் கட்டி ரசீது வாங்கியபிறகுதான் அந்த எண்ணைத் தடைசெய்ய ஒத்துக்கொண்டார்.

மோசடிக்காரன் தொகையை எங்கிருந்து எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தத் தொகையும் பெயரும் எண்ணும் சேர்ந்தாற்போல ஒரே திரையில் யாருக்கும் கிடைத்தன.

31.10.2025, இரவு

இன்று சொத்து வரி ஊக்கத்தொகைக்குக் கடைசி நாள். அரையாண்டு ஆரம்பித்த 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் கழிவு. காலையிலிருந்து கூட்டம்.

இந்தக் கூட்டத்தில் நடக்கும் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுகிறோம்? வீட்டுக்காரர் நேரில் வந்திருக்க மாட்டார். வந்தவருக்கு அவர் எண் மனப்பாடம் இருக்காது. அவசரத்தில் பல மையங்களில் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார், ஓடிபி உடனே வந்துவிடும் என்பதற்காக. அப்படிப் போட்ட எண் அந்த வீட்டின் பெயரில் தங்கிவிடுகிறது. அடுத்த கேட்பு, பெயர் மாற்ற மனு போட்டால் வரும் தகவல், புகாரின் நிலை எல்லாம் கடைக்காரர் எண்ணுக்குப் போகும். ஒரு ஊரில் பத்து மையம் இருந்தால் அந்தப் பத்து பேர் கைபேசியில் பாதி ஊர் இருக்கிறது. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் யாரோ பெயர் மாற்ற மனு கொடுத்தால், எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய எண் அங்கே இருக்காது.

எங்கள் கடையில் நேரம் ஆனாலும் உரிமையாளரைக் கூப்பிட்டு அவர் எண்ணைத்தான் போடுகிறோம். இன்று அதனால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

1.11.2025

நேற்று எழுதியதோடு சேர்க்க விட்டது. எந்தக் கணினி மையத்திலும் "டவுன்லோட்ஸ்" கோப்புறையைத் திறந்து பாருங்கள். அடுத்தவர் பிறப்புச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, ஆதார் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். அச்சு எடுத்ததும் "அண்ணே, அழிச்சிடுங்க" என்று சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலையும் சேர்த்து. கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆதார் கொடுக்கும் இடத்தில், மறைத்த ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிடிஎஃப், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பல வேலைக்கு அது போதும்.

4.11.2025

பிறப்புச் சான்று பற்றிக் கேட்ட சகோதரிக்கு.

நான் வேலை செய்த ஓர் உள்ளாட்சித் தளத்தில் சில வருடம் முன்பு வரை தேடும் விதம் இப்படி இருந்தது: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இரண்டையும் கொடுத்துத் தேடு என்று அழுத்தினால் அன்று அந்த ஊரில் பதிவான குழந்தைகள் அத்தனை பேரும் பட்டியலாக வருவார்கள். குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், மருத்துவமனை. அதில் உங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்துச் சான்றை இறக்கிக்கொள்ள வேண்டும். ஏழை எளியவருக்கு அது பெரிய உபகாரம், மறுக்கவே மாட்டேன். பதிவு எண் தெரியாதவர், ரசீதைத் தொலைத்தவர், கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வந்தவர் எல்லாரும் அதனால்தான் கையூட்டு கொடுக்காமல் அன்றைக்கே சான்றோடு ஊர் திரும்பினார்கள்.

ஆனால் அதே பட்டியலில் பெயர் வைக்காத குழந்தையும் தெரியும். அப்பா பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் குழந்தையும் தெரியும். ஒரு தாய் யாருக்கும் சொல்ல விரும்பாத விஷயம் அது. அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் இவை மூன்றையும் வங்கி வாடிக்கையாளர் சேவைக்காரர் நம்மை அடையாளம் காணக் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இது இன்னும் கனமான விஷயம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று இந்த ஒரு காகிதம்தான். பெற்றோர் ஆதார் எண் இருந்தால் அதையும் வாங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க வரப்போகும் சான்று.

என் யோசனை: தேடும்போது பட்டியல் வேண்டாம். பிறந்த தேதியோடு அம்மா பெயரையோ அப்பா பெயரையோ நாம் எழுதிக் கொடுக்க வேண்டும், பொருந்தினால் சான்று வரட்டும். பதிவு எண் தெரியாதவருக்கும் வழி திறந்தே இருக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. சில தளங்கள் இதற்கு மாறியும் விட்டன.

9.11.2025

"எல்லாவற்றையும் மூடச் சொன்னால் வரி ஏய்ப்பவனுக்குத்தானே வசதி? பத்தாயிரம் சதுர அடி வணிக வளாகத்துக்குக் குடியிருப்பு வரி போட்டிருப்பதை இந்தத் தேடலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்" என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. இதை யோசித்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் போய்விட்டது.

மூடச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தின் கதவு எண், பரப்பளவு, பயன்பாடு, போட்ட வரி, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் ஊர்ப் பணம் சம்பந்தப்பட்டது. அதை ஊர் பார்க்கலாம். உரிமையாளரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஊர்ப் பணம் சம்பந்தப்பட்டவை கிடையாது. அந்த எண்ணைக் கூப்பிட்டு நீங்களும் நானும் வரி வசூல் செய்யப் போவதில்லை.

நடுவில் நிற்பது பெயர்தான். பெரிய வளாகத்தின் உரிமையாளர் பெயர் தெரிய வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. கணவனிடமிருந்து தப்பி வேறு ஊரில் வீடு வாங்கித் தனியாக இருக்கும் பெண்ணின் பெயரும் முகவரியும் அப்படித் தெரியக் கூடாது என்றும் தோன்றுகிறது. வணிகக் கட்டடத்துக்கு ஒரு விதி, குடியிருப்புக்கு ஒரு விதி என்று வைக்கலாம். அதை மாமன்றமோ நகர்மன்றமோ பேசி முடிவெடுக்கட்டும். இப்போது எந்த விவரம் திரையில் வர வேண்டும் என்று தீர்மானிப்பது மென்பொருள் எழுதிய நிறுவனம். அதை மன்றத்தில் யாரும் பேசியதாக எனக்குத் தெரிந்த எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் இல்லை.

10.11.2025

வெளிப்படைத்தன்மைக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே கோடு போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017ஐப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் போன்றவற்றில் பயனாளி யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. சமூகத் தணிக்கைக்கு அது உயிர்நாடி. செத்தவர் பெயரில் வேலை அட்டை இருப்பதைக் கிராம மக்கள் பிடித்ததெல்லாம் அதனால்தான். ஆனால் பெயரும் தொகையும் போட வேண்டிய இடத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், நான்கே நான்கு அரசுத் தளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் அப்படிக் கிடந்ததாகக் கணக்கிட்டது. மத்திய, மாநில அரசுகளின் தளங்கள் சுமார் 210இல் பயனாளி விவரம் ஆதார் எண்ணோடு தெரிந்ததை ஆதார் ஆணையமே அதே ஆண்டு ஒத்துக்கொண்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016 சட்டத்தின் 29ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தும் இவ்வளவும் நடந்தது.

அதே 2017, ஆகஸ்ட் 24ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர்.

16.11.2025

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன, இனி நகராட்சி மீது 250 கோடி அபராதம் போடலாம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பொறுங்கள், அது அப்படி இல்லை.

சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. விதிகள் இந்த வாரம்தான் அரசிதழில் வெளியாகின. ஆனால் எல்லாமே இன்றே அமலுக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது போன்றவை உடனே. நமக்கு வேண்டிய பெரும்பகுதி, அதாவது அறிவிப்புக் கொடுப்பது, பாதுகாப்பு ஏற்பாடு, கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வது, திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை இதெல்லாம் 18 மாதம் கழித்து. 2027 மே மாதம் என்று வையுங்கள். 250 கோடி என்பது உச்ச வரம்பு. அதுவும் வாரியம் விசாரித்து விதிப்பது, நம் கைக்கு ஒரு ரூபாய் வராது.

அடுத்தது, மானியம், சேவை, சான்றிதழ், உரிமம் கொடுக்க அரசு அமைப்புகள் நம் தகவலைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. விதிகளின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள்: தேவையான அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும், தேவையான காலத்துக்கு மட்டும் வைத்திருக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், கேள்வி கேட்க ஒருவரின் தொடர்பு விவரத்தைக் கொடுக்க வேண்டும். நகராட்சிகள் ஒழுங்காகப் படிக்க வேண்டிய பக்கம் இதுதான். 17ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக வைத்த விலக்கு அது. பிறப்புச் சான்றுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் அதை யாரும் நீட்டிவிடக் கூடாது.

பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் ஈடு கேட்கலாமே என்று வேறொருவர் சொல்கிறார். அது நிறுவனங்களுக்கான பிரிவு. நகராட்சிக்குப் பொருந்தாது. இத்தனை வருடம் உள்ளாட்சித் தளங்களுக்கென்று இருந்த ஓட்டை அதுதான்.

17.11.2025

நேற்று விட்டுப்போன முக்கியமான விஷயம். 18 மாதம் காத்திருக்காமல் உடனே அமலான ஒன்று இருக்கிறது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஜெ) பிரிவை, இந்தத் தரவுச் சட்டத்தின் வழியாக மாற்றிவிட்டார்கள். முன்பு, பொது நலன் பெரிதென்றால் தனிப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது "தனிப்பட்ட தகவல்" என்றால் விலக்கு, அதோடு முடிந்தது. பொது நலன் கருதிக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கிறதுதான், ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த அதிகாரிக்கு மனம் வர வேண்டும்.

எனக்கு உள்ளபடியே கவலையாக இருக்கிறது. சாலை போட்ட ஒப்பந்ததாரர் பெயரைக் கேட்டால் "தனிப்பட்ட தகவல்" என்று மறுப்பார்கள். அந்தப் பக்கம் தனியாக வாழும் அம்மாவின் கைபேசி எண் தளத்தில் அப்படியே தொங்கும். எந்தப் பக்கம் மூட வேண்டுமோ அது திறந்தும், எது திறந்திருக்க வேண்டுமோ அது மூடியும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் 9ஆம் தேதி அந்தக் கோட்டைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

23.11.2025

பிடிஎஃப்.

தேடல் பக்கத்தைச் சரிசெய்தாலும் இது தப்பித்துவிடும். வீட்டு வசதித் திட்டப் பயனாளிகள், தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு, வாரிசு நியமனத்துக்கான பட்டியல், ஆட்சேபணை கோரும் அறிவிப்பு என்று உள்ளாட்சிகள் பிடிஎஃப் ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. அறிவிப்புக் காலம் முடிந்ததும் பக்கத்திலிருந்து இணைப்பை எடுத்துவிடுவார்கள். கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும். தேடுபொறி அதை எப்போதோ படித்து வைத்திருக்கும். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரைத் தேடுபொறியில் போட்டபோது முதல் பக்கத்திலேயே அப்படியொரு பட்டியல் வந்தது. அப்பா பெயர், சாதி, ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், எல்லாம் எக்செலில் இருந்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வருமானத்தைப் பற்றிக் கேட்டார்களாம். அவர் சொல்லும்போது குரல் கம்மியது.

சில இடங்களில் மறைக்கிறோம் என்று கறுப்புப் பட்டை போடுகிறார்கள். பட்டைமேல் மவுசை இழுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், பல சமயம் அடியில் உள்ள எண் முழுசாக வந்து விழும். படம் வரைந்து மூடியிருக்கிறார்கள், எழுத்தை எடுக்கவில்லை. எக்செலிலேயே அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டுப் பிடிஎஃப் ஆக்குவதுதான் சரியான வழி. அலுவலகத்தில் இந்த வேலை செய்யும் தம்பி தங்கைகள் பலர் தினக்கூலி, ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அரை மணி நேரப் பயிற்சி போதும்.

24.11.2025

"தளத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கை செய்திருக்கிறோம் என்கிறார்களே?"

செய்திருப்பார்கள். செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் பார்த்திருப்பார். பூட்டை உடைக்க முடிகிறதா என்று பார்ப்பது அந்தத் தணிக்கை. கதவே இல்லாமல் கட்டிய அறையைப் பற்றி, "இது பொதுமக்கள் பார்வைக்கான பக்கம்" என்று நகராட்சி எழுதிக் கொடுத்துவிட்டால் தணிக்கையாளர் மேற்கொண்டு என்ன எழுதுவார்?

6.12.2025

கிராம ஊராட்சிகளை மறந்துவிட்டோம் என்கிறார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். வீட்டு வரியை அங்கேயும் இணையத்தில் கட்டும் வசதி வந்துவிட்டது. ஊராட்சிச் செயலர் ஒருவர்தான் கணக்கர், கணினி இயக்குநர், எல்லாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் "பாக்கி வைத்திருப்போர்" பட்டியலைக் கைபேசி எண்ணோடு படம்பிடித்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வசூல் காட்டாவிட்டால் ஒன்றிய அலுவலகத்தில் அவரைக் கேட்பார்கள்.

இன்னொன்று. நகராட்சித் தளமா, போலியா என்று பார்க்க முகவரியின் கடைசியைப் பாருங்கள். கவ்.இன் (gov.in) என்றோ நிக்.இன் (nic.in) என்றோ முடிய வேண்டும். போலிப் பிறப்புச் சான்று தளங்கள் அச்சு அசலாக அரசுத் தளம் மாதிரியே இருக்கின்றன. தேடுபொறியில் மேலே விளம்பரமாக வருவதைத் தொடாதீர்கள்.

20.12.2025

மனு எப்படி எழுதுவது என்று பலர் கேட்டதால்.

நான் இரண்டு தனித்தனித் தாளில் கொடுத்தேன். ஒன்று ஆணையருக்கு, சாதாரண மனு. "என் வரிவிதிப்பு எண்ணைத் தேடினால் என் கைபேசி எண் முழுமையாகத் தெரிகிறது. கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைக்கக் கோருகிறேன்" என்று நாலே வரி. திரையின் நகலை இணைக்கவும், அடுத்தவர் விவரம் அதில் தெரியக் கூடாது. தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

மற்றது தகவல் அறியும் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். நான் கேட்டவை: மென்பொருள் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் தரவுப் பாதுகாப்பு பற்றிய பக்கங்களின் நகல். சொத்து வரித் தரவுத்தளத்தைத் திறக்க எந்தெந்தப் பதவிக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல், ஆள் பெயர் வேண்டாம். கடைசிப் பாதுகாப்புத் தணிக்கைச் சான்றின் தேதி. தளத்தில் ஏற்றிய பயனாளிப் பட்டியல்களை எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தால் அதன் நகல். இவற்றில் எதிலும் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை, புதிய 8(1)(ஜெ)யைக் காட்டி மறுக்க வழி கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கவுன்சிலரையும் பாருங்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவிடம் அவர் எண்ணையே தேடிக் காட்டினேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவர்தான் மன்றக் கூட்டத்தில் இதைப் பேசினார்.

22.12.2025

"எண்ணை மறைத்தால் எங்களுக்குத்தான் கஷ்டம், வசூலுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டியிருந்தால் எப்படிக் கூப்பிடுவது?" என்று வசூல் பணியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் பயனர் கணக்கில் உள்ளே போனால் முழு எண் தெரியட்டும், அது உங்கள் வேலை. யார் எப்போது எந்த எண்ணைத் திறந்து பார்த்தார்கள் என்பது பதிவாகட்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு எண் கசிந்தால் உங்கள் மேல் பழி விழாது.

12.1.2026

பதில் வந்துவிட்டது. ஒப்பந்த நகல் மாநில அளவிலான இயக்குநரகத்தில் இருப்பதாகச் சொல்லி மனுவின் அந்தப் பகுதியை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். தணிக்கைத் தேதியைக் கொடுத்தார்கள். பட்டியல்களை நீக்குவது பற்றி உத்தரவு ஏதும் இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இதற்கிடையில் தேடல் பக்கம் மாறிவிட்டது. பெயரின் நடுவில் நட்சத்திரக் குறிகள், கைபேசியில் கடைசி நான்கு இலக்கம் மட்டும். எங்கள் மனுவால் மாறியதா, மேலிருந்தே மாற்றினார்களா, தெரியாது. யார் செய்திருந்தாலும் நன்றி.

ஆனால் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்துக் கேட்பு அறிவிப்பை பிடிஎஃப் ஆக இறக்கினால் அதில் முழு எண் இன்னும் அச்சாகிறது. பழைய ரசீதிலும் அப்படியே. உங்கள் ஊரில் தேடல் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிடாமல், கேட்பையும் ரசீதையும் இறக்கிப் பாருங்கள். அதற்கான தனி மனுவை இன்று காலை தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன்.